வாடும் தளிரும் நரியின் முழக்கமும்

கால் ஒடிந்த அணில் ஒன்று மரப்பொந்தில் படுத்திருந்தது. வெளியே விடாத மழை. குட்டிகள் பசியில் கீச்சிட்டன. தீனி இல்லாமல் இல்லை. மேகம் மூடிய மலையுச்சிக் குகையில் அதன் இலந்தை வற்றல் பத்திரமாக இருந்தது. எல்லா விலங்குகளும் அங்கேதான் சேமித்தன. வாசலில் கரடி காவல்.

எடுத்துவர அணில் காக்கையை ஏற்பாடு செய்திருந்தது. அதற்கு ஒரு முறை உண்டு. அணில் ஒரு கொட்டையின் ஓட்டை உடைத்து, பாதியை அடிவாரத்து மைனாவிடமும் பாதியைக் காக்கையிடமும் கொடுக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் மைனா ஒரு தளிரைக் கிள்ளி, அணிலின் அடையாளத்தைக் கொத்தித் தரும். அதைக் கண்டால் கரடி அணிலின் மாடத்தை மட்டும் திறக்கும். தளிர் வாடினால் செல்லாது. மறுபடி மைனாவிடம் போக வேண்டும்.

அன்று காக்கை வழியில் ஊர்க்கதை பேசி நின்றது. தளிர் வாடிவிட்டது. வெறும் அலகோடு திரும்பியது.

"என்னடா தம்பி, குட்டிகள் துடிக்கின்றனவே!" என்றது அணில்.

"நான் என்ன செய்ய அக்கா? ஓயாமல் புதுத்தளிர் வாங்கியே என் சிறகு தேய்கிறது!"

நரி இதைக் கேட்டது. பாறைமேல் ஏறி முழங்கியது. "தோழர்களே! நம் தீனிக்கு நாமே அலைவதா? வாடாத இலை வேண்டும்! அது நம் உரிமை!"

கூட்டம் ஆரவாரித்தது. உரிமை என்ற சொல்லைத் திருடர்கள்தான் எப்போதும் உரக்கச் சொல்கிறார்கள். கூட்டமோ குரலைக் கேட்கும், யாருடைய வாய் என்று பார்க்காது. அணிலுக்கும் அது நியாயமாகவே பட்டது.

காக்கை புதுத்தளிர் வாங்கி வந்தபோது நரி இளித்தது. "களைத்துப்போனாயே மருமகனே! கொடு, நான் ஓடிவிட்டு வருகிறேன்."

காக்கை கொடுத்துவிட்டது. நரி கரடியிடம் தளிரைக் காட்டி, ஒரு மூட்டை வற்றலோடு நேராகத் தன் வளைக்குள் புகுந்தது.

அணில் கதறியது. "போச்சு! இனி எல்லாம் போச்சு!"

நரி மறுபடி மலையேறியது. தளிர் துவண்டிருந்தது. சுனைநீரைத் தெளித்து நீட்டியது.

கரடி சிரித்தது. "குளிப்பாட்டினால் இளமை திரும்புமா? போ, புதுசு வாங்கி வா!"

நரி மைனாவிடம் ஓடியது. "ஓட்டின் பாதி எங்கே?" என்றது மைனா. நரி வெறுங்கையோடு திரும்பியது.

பாதி ஓடு காக்கையின் கூட்டுக்குள் இருந்தது. காக்கை தலைகுனிந்து அதை அணிலிடம் கொண்டுவந்தது. அணில் அதை நொறுக்கியது. பழைய பாதியை எறிந்துவிடும்படி மைனாவுக்குச் சொல்லியனுப்பியது. பிறகு இன்னொரு கொட்டையை உடைத்து, மைனாவுக்கு ஒரு பாதியை அனுப்பி, மறுபாதியைக் காக்கையிடமே நீட்டியது.

"என்மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறதா அக்கா?"

"இல்லாவிட்டால் கொடுப்பேனா? தளிரை மட்டும் யாரிடமும் தராதே. பறடா!"

அன்று காக்கை எங்கும் நிற்கவில்லை. இருட்டுமுன் குட்டிகளின் வாய் நிறைந்தது. மாடத்தில் மிச்சமும் இருந்தது.

பிறருக்குத் தரும் அனுமதி அளவோடு இருக்க வேண்டும், விரைவில் வாட வேண்டும், அதைத் திரும்பப் பெறும் உரிமை கொடுத்தவர் கையிலேயே இருக்க வேண்டும்.