பல்லவதரையர் வீட்டுக்கு வந்த தண்ணீர்

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டை மகிழ்வண்ணன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். வேளைக்கொரு புத்தி அவருக்கு. அவரிடம் மந்திரியாக வந்து மாட்டிக்கொண்டவர் சாத்தப்பர்.

"மூன்றாம் முறையாகச் சொல்கிறேன், அரசே. பல்லவதரையருடைய ஏரிக்கரை கசிகிறது. தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. இப்போது கலங்கலாக வருகிறது. கரையை உள்ளேயே அரிக்கிறது. கீழே நாற்பது வீடுகள்!"

"என் பாட்டன் போட்ட மண்கரை, என் சொத்து," என்றார் அவைப் பிரபு பல்லவதரையர். "மந்திரியாருக்கு ஏன் வயிறு எரிகிறது?"

"நீங்களும் அடைக்கவில்லை. ஊராரையாவது அடைக்க விடலாமே?"

"விடுவேனா? கரையில் ஒரு கூடை மண் போட்டவனுக்கும் நீரில் பங்கு என்பது நாட்டு வழக்கம். இன்று மண் போடுவான், நாளை மடையைத் திற என்பான்!"

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "சாத்தப்பரே, 'மண் போடுங்கள்' என்று அவர் வாயாலேயே சொல்ல வையும். மூன்று நாள் கெடு. முடியாவிட்டால் பதவி போச்சு!"

நாற்பது வீடு மூழ்கப்போகிறது, இவருக்குப் பந்தயம்! இத்தனை வருஷம் இந்த மனுஷரிடம் என்னத்தைக் கிழித்தோம் என்று தன்னையே நொந்துகொண்டார் சாத்தப்பர். பிறகு கேட்டார்: "ஏரியின் ஒவ்வொரு சொட்டும் உங்களுடையதுதானே, ஐயா?"

"ஒவ்வொரு சொட்டும்!"

"அப்படியானால் வெளியே கசிந்ததையும் அவரிடமே சேர்க்க உத்தரவிடுங்கள், அரசே."

உத்தரவாயிற்று. மறுநாள் காலை, வேடிக்கை பார்க்க ராஜா பல்லவதரையர் மாளிகைக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். கீழூர்க் காத்தாயி முதல் ஆளாகக் குடத்தோடு நுழைந்தாள்.

"உங்க தண்ணி, சாமி. அடுத்தவங்க சொத்து எங்களுக்கு எதுக்கு?" என்று ரத்தினக் கம்பளத்தில் கவிழ்த்தாள். அவளுக்குப் பின்னால் நூறு குடம். கணுக்காலளவு சேறு.

"நிறுத்துடி!"

"கசிவு நின்னாத்தானே சாமி நாங்க நிக்க முடியும்?"

"ஐயோ, போய்த் தொலையுங்கள்! மண்ணைப் போட்டு அடையுங்கள்!"

ராஜா துள்ளி எழுந்தார். "சொல்லிவிட்டார்! மண் போடுகிற எல்லாருக்கும் இனி நீரில் பங்கு. முதல் கூடை பல்லவதரையர் தலையில்!"

பல்லவதரையர் மண் சுமந்து தள்ளாடுவதைக் கரையடியில் நின்று ரசித்தபடி, ராஜா முத்துமாலையைக் கழற்றினார். "பலே சாத்தப்பரே, என்ன யுக்தி!"

"யுக்தியா? கரை ஒழுகுகிறது என்றால் அடைக்கச் சொல்ல வேண்டியதுதானே, அரசே? அதற்கு நான் கூத்தாடிக் காட்ட வேண்டுமா?"

ராஜா மாலையைச் சாத்தப்பர் கையில் வைத்தார். காத்தாயியின் கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கரையேறினார்.