ராஜா நிலத்தில் மேய்ந்த எருமைகள்

முன்னொரு காலத்தில் மருங்கூர் நாட்டைப் பூதலவீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். சாப்பிட்டுத் தூங்கிய நேரம் போக மிச்ச நேரத்தில் ஆண்டான் என்று வையுங்கள்.

ஒருநாள் அவனுக்குத் தன் நிலத்தையெல்லாம் பார்த்துவர ஆசை வந்தது. வடக்கே கண்ணுக்கெட்டிய வரை அரசாங்க நிலம்தான். அத்தனையும் பாறையும் கள்ளியும். தெற்கே ஆறு பாயும் சீமையிலோ விளைகிற மண்ணெல்லாம் குடிகளுடையது. ராஜாவுக்கென்று இருந்தது சுடுகாடும் வண்டிப்பாதையும்தான்.

"நான் என்ன கள்ளிக்காட்டுக்கு ராஜாவா?" என்று சபையில் சிடுசிடுத்தான்.

அங்கே ஆமாம் போடுவதற்கென்றே சம்பளம் வாங்கிய திருமேனிநாதர் எழுந்தார். பக்கத்து வயல்காரி செங்கமலத்தின் விளைச்சலைப் பார்த்துப் பல வருஷமாக வயிறெரிந்தவர் அவர்.

"மன்னா, ஒரே நாட்டில் இரண்டு வழக்கம் எதற்கு? வடக்கைப் போலத் தெற்கிலும் மண்ணெல்லாம் மன்னருக்கே என்று பறையறைந்துவிடுவோம். மேற்பார்வைக்கு அடியேன் இருக்கிறேன்."

மறுநாளே செங்கமலத்தின் வயலில் அரசாங்கக் கல் முளைத்தது. நெல் முற்றி அறுவடைக்குத் தலைசாய்ந்து நின்ற நேரம். அது போனால் அந்த வருஷம் அவள் வீட்டில் உலை கொதிக்காது. ஆத்திரத்தோடு அரண்மனைக்கே வந்து நின்றாள்.

"மகாராசா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். இனிமே வடக்க இருக்கிற வழக்கம்தான் எங்களுக்குமா?"

"அதேதான்" என்றான் ராஜா.

"மயிரிழைகூட மாறாது!" என்று முந்திக்கொண்டார் திருமேனிநாதர்.

"அது போதும் சாமி." கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் காலை, தலைப்பாகை அவிழ்ந்து தொங்க, திருமேனிநாதர் சபைக்குள் ஓடிவந்தார்.

"மன்னா! ஊர் எருமையெல்லாம் என் வீட்டு முற்றத்தில் படுத்திருக்கின்றன! வாழைத்தோட்டம் மொட்டை! பூசையறைச் சுவரில் வரட்டி தட்டுகிறார்கள்! எல்லாம் அந்தச் செங்கமலம் வேலை!"

அவளை அழைத்துவந்து விசாரித்தார்கள்.

"வடக்க ராசா நிலத்துல யார் மாடும் மேயலாம், யாரும் வரட்டி தட்டலாம், ஏன்னு கேக்க ஆளில்ல. அதானே சாமி வழக்கம்? எங்க ஊர்ல ஐயா இடம்தான் நல்லா விசாலமா இருந்துச்சு."

"அது என் இடமடி! என் பாட்டன் தேடிய மண்!" என்று அலறினார் திருமேனிநாதர்.

"என் வயலும் என் பாட்டன் தேடினதுதான்" என்றாள் செங்கமலம்.

ராஜாவுக்கு வெட்கமாகப் போயிற்று. ராஜாக்களுக்கு அது அடிக்கடி வருகிற வியாதி இல்லை. கல்லைப் பிடுங்கச் சொல்லி, அவளுக்கு ஒரு ஜோடி உழவு மாடும் கொடுத்தான். பிறகு திருமேனிநாதரைப் பார்த்தான்.

"மேற்பார்வைக்கு ஆசைப்பட்டீரே, வடக்கே போம். அங்கே அத்தனையும் என் நிலம்தான். போகும்போது பிடுங்கிய கல்லையும் தூக்கிக்கொண்டு போம்."

செங்கமலம் நெல்லை அறுத்தாள், பொங்கித் தின்றாள். திருமேனிநாதர் கள்ளிக்காட்டில் எருமை விரட்டியே கிழவரானார் என்று கேள்வி. அவற்றில் ஒன்றுகூடக் கடைசி வரை அவரை மதிக்கவில்லையாம்.