ஒரே தரம் கேட்ட வீடு

"நான் ஊருக்கே போறேம்மா. இந்த மனுசங்க மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல."

வந்ததும் வராததுமாகச் சொன்னான் சங்கிலிமுத்து.

குருவம்மா அடுப்படியில் நின்றிருந்தாள். அவனைவிட இளையவள். நார்வேயில் ஒரு சின்ன ஊரில் தியானம் சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் ஒரு வருடம் இருந்து கற்றுக்கொள்ளத்தான் பெண்டாட்டி பிள்ளைகளை விருதுநகரில் விட்டுவிட்டு வந்திருந்தான். வந்து பதினோரு நாள்தான் ஆகிறது.

என்ன ஆச்சு என்று கேட்டாள்.

காலையிலிருந்து பக்கத்து வீட்டு ஹென்ரிக்குக்கு விறகு அடுக்கிக் கொடுத்தானாம். மதியம் அந்த வீட்டுக்காரர்கள் சூப்பும் ரொட்டியும் எடுத்து வைத்து, சாப்பிடுகிறாயா என்று கேட்டார்களாம். இவன் வேண்டாம் என்றானாம். சரி என்று இவனுக்கு வைத்த தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இவன் எதிரிலேயே உட்கார்ந்து மொத்தத்தையும் சாப்பிட்டு முடித்தார்களாம்.

"பசிச்சுதா?"

"குடலே கருகிப்போச்சு."

"அப்புறம் ஏன் வேண்டாம்னீங்க?"

"கேட்டதும் உட்கார்ந்தா சோத்துக்கு அலையிறவன்னு நினைக்க மாட்டாங்களா? நாலு தரம் கையைப் பிடிச்சு இழுக்கணும்மா. எங்க வீட்டுல தபால்காரர் வந்தாக்கூட, அவர் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல இலையைப் போட்டுருவோம். இவங்க எல்லாம் என்ன ஜென்மம்?"

குருவம்மா ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு நீட்டினாள். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா."

தட்டை இழுத்துக்கொண்டாள். அவளே சாப்பிட ஆரம்பித்தாள்.

"நீங்களுமா?" அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்க வீட்டுல யாரு பரிமாறுவா?" சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

பேச்சிதான் என்றான். அவளை மாதிரி உபசரிக்க இந்த நாடு முழுக்கத் தேடினாலும் ஒருத்தி கிடைக்க மாட்டாள் என்றான்.

"பேச்சியை யாரு நாலு தரம் கேப்பா?"

"பெண்டாட்டியை எதுக்கும்மா கேக்கணும்? எல்லாரும் எந்திரிச்சதும் அவளே போட்டுச் சாப்பிட்டுக்குவா."

"அவ தட்டு எது?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று எரிச்சலோடு விரலை மடக்கினான்.

"பெருசு என்னுது. பூப்போட்டது மகளோடது. ஓரம் நெளிஞ்சது சின்னவனோடது. விருந்தாளுக்குன்னு பரண்ல ஆறு கிடக்கு. அவ..."

விரல் அப்படியே நின்றது.

"அவ சட்டியிலயே பிசைஞ்சுக்குவாம்மா," என்றான்.

மடக்கின விரல்களை விரித்தான்.

"மிச்சம் இருந்தா."