அங்கம்மாவுக்கு யார் ஜாமீன்?

கூட்டுறவு வங்கியில் பதினெட்டு வருஷமாகக் கூட்டிப் பெருக்கும் அங்கம்மா, கணவனின் ஆபரேஷனுக்குக் கடன் கேட்டாள். டீக்கடை பீர்முகமது அவளுக்கு ஜாமீன் போட்டிருந்தார். மேனேஜர் தணிகாசலம் விண்ணப்பத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

"டீ ஆத்துறவனெல்லாம் ஜாமீனா? பங்களா, கார் வச்சிருக்கிற பெரிய மனுஷனைக் கூட்டிட்டு வா!"

அங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலுக்குப் போய், காலையில் தன் கையால் பசை தடவி ஒட்டிய நோட்டீஸைப் பலகையோடு கழற்றிவந்து மேஜையில் போட்டாள். அது கடனைக் கட்டாதவர்களின் பட்டியல்.

"ஊர்ல உள்ள பங்களாக்காரங்க அத்தனை பேரும் இதுலதான் இருக்காங்க. டீக்கடை பாய் பேரைத்தான் காணோம். இதுல எவரைக் கூட்டிட்டு வரட்டும் சார்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜருக்கு முகம் கறுத்தது. "சரி, அந்த விண்ணப்பத்தை எடு, கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

"நான் கூட்டி முடிச்சாச்சு. குனிஞ்சு நீங்களே எடுங்க!"