சின்ன ஜோடி

போக்கரில் தன்னை வெல்ல ஆளே இல்லை என்று பீற்றிக்கொள்பவர் எஸ்டேட் மேனேஜர் தாமோதரன். அவருடைய சமையல்காரர் சூசைமாணிக்கம், ஊரில் பிறந்திருக்கும் மகளைப் பார்க்க ஒரு வாரம் லீவு கேட்டார்.

"சீட்டுல என்னை ஜெயிச்சுட்டுப் போ."

ஆளுக்கு இரண்டு சீட்டு. சூசைக்கு வந்ததோ ஒரு ஜோடி மூன்று. மேசையில் பொதுவாக விரித்த ஐந்து சீட்டில் இன்னொரு மூன்றும் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

மேனேஜர் சிரித்தார். "தோத்தா வருஷம் பூரா லீவு கிடையாது. ஜெயிச்சா ஒரு மாசம். சரியா?"

"சரிங்கய்யா."

மேனேஜர் இரண்டு ராஜாக்களைப் போட்டார். சூசை தன் ஜோடியை மேசை மூன்றோடு சேர்த்து வைத்தார்.

"சின்ன ஜோடிதாங்கய்யா. மூணாவதா ஒண்ணு வந்து சேர்ந்துட்டா, ராஜாவாலயும் அசைக்க முடியாது. எங்க வீட்லயும் இப்ப அப்படித்தான்."

மேனேஜர் சீட்டுகளை வாரி அடுக்கினார். பிறகு எழுந்து ஜீப் சாவியை எடுத்தார்.

"பஸ் போயிருக்கும். ஏறு, நானே கொண்டுவந்து விடறேன்."