செவலைப் பசு சொன்ன ஐப்பசிப் பருவம்

கடலை ஒருமுறைகூடப் பார்க்காத மலைநாடு ஒன்றைக் குன்றவேள் என்ற ராஜா முன்னொரு காலத்தில் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். கெட்ட சேதி சொன்னால் மட்டும் அவருக்குப் பிடிக்காது.

அந்த நாட்டில் ஐப்பசி முதல் நாள் அவை கூடி, பருவம் சொல்வார்கள். அடைமழை எப்போது இறங்கும், கணவாய்ப் பாதை எப்போது சரியும் என்று அரண்மனைக் கணியர் சொல்லவேண்டும். அதைக் கேட்டுத்தான் ஜனங்கள் மேல்மலையில் மேயும் மாடுகளைக் கீழே ஓட்டிவருவார்கள். ஒரு வருஷம் கணியருக்குக் காய்ச்சல் என்று மந்திரி அறவாழி எழுந்தார். "இந்தத் தடவை மழை முந்தும், அரசே" என்று சொல்லிவிட்டார். ராஜா அன்றைக்கென்று பார்த்து வேட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அப்படியா? மழை வரும்வரை ஈரத்துணியோடு வாசலில் நில்லும்!"

மழை வந்தது. முந்தித்தான் வந்தது. ஆனால் அன்று மந்திரியின் நெஞ்சில் ஏறிய சளி இறங்கவேயில்லை. அதிலிருந்து மழை என்ற பேச்சையே ராஜா காதுபட யாரும் எடுப்பதில்லை.

இந்த வருஷம் சங்கதி வேறு. ராஜாவின் ஒரே மகள் அலரி கணவாய்க்கு அப்பால் பாலேரி நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு இது நிறைமாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். தாய்தான் இல்லை. அலரியைப் பெற்ற அன்றே ராணி கண்ணை மூடிவிட்டாள். அதனாலேயே மகள் தன் கண்ணெதிரில் இருக்கவேண்டும் என்று ராஜா தவித்தார். ஐப்பசி நடுவில் நல்ல நாள் குறித்து, பல்லக்கு வருவதாக ஏற்பாடு.

கணியர் சேந்தனார் எழுந்தார். மந்திரி நாற்காலிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"அரசே, கார்த்திகை பிறக்கும்வரை வானம் துலக்கிய வெண்கலப் பானை! இளவரசியார் கூந்தலில் ஒரு துளி விழாது."

ராஜா மகிழ்ந்துபோய்ப் பட்டுச் சால்வை போர்த்தினார். சேந்தனார் திரும்பிப் பார்த்தார். "மந்திரியார் இருமுகிறாரே, ஏதும் சொல்லவேண்டுமோ? ஈரத்துணி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

அவை சிரித்தது. அறவாழிக்குச் சிரிப்பு வரவில்லை. களிமண் சரிவில், மழையில், பல்லக்கின் ஒரு கால் வழுக்கினால்? மழலையில் அவரை 'மந்திரி மாமா' என்று கூப்பிட்டுத் தாடியைப் பிடித்து இழுத்த பெண் அது. நேராகச் சொன்னால் ராஜா கேட்கமாட்டார். காலையில் வரும் வழியில் காதில் விழுந்த ஒரு மணிச்சத்தம் அவருக்கு நினைவு வந்தது.

"அரசே, இன்னொரு கணியர் இருக்கிறார். நாளைக்கு அழைத்துவருகிறேன். அவர் சொல்வது தப்பினால் நானே துணியை நனைத்துக் கட்டிக்கொள்கிறேன்."

மறுநாள் மந்திரி ஒரு செவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு அவைக்குள் நுழைந்தார்.

"என்னய்யா, இது மாடு!"

"ஆமாம் அரசே. அவைக்குப் புதிது, கொஞ்சம் கூச்சப்படுகிறாள்."

பசு ஒன்றும் கூச்சப்படவில்லை. நேரே சேந்தனாரிடம் போய்ப் புதுச் சால்வையை நக்க ஆரம்பித்தது.

"சீ, யார் வீட்டு மாடோ!" என்றார் சேந்தனார். ஆனால் அவர் கை தன்னாலே அதன் கழுத்தடியைச் சொறிந்துகொடுத்தது. காவல்காரன்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"கழுத்தில் மரமணி. மேல்மலைக்குப் போகிற மாட்டுக்குத்தான் இதைக் கட்டுவார்கள்" என்றார் அறவாழி. "அங்கே இன்னும் புல் இருக்கிறது. வானமோ துலக்கிய பானை. இவள் ஏன் அதற்குள் உங்கள் கொல்லைக்கு வந்துவிட்டாள், சேந்தனாரே?"

சேந்தனார் தலை கவிழ்ந்தது. "நிறைசினை, அரசே. தலைக்கன்று. மேலே காற்று திரும்பிவிட்டது. காலையிலேயே மூட்டம் இறங்குகிறது. பத்து நாளைக்குள் மழை பிடித்துக்கொள்ளும். அந்தச் சரிவில் இவளை அப்புறம் எப்படி..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.



"மாட்டுக்கு இவ்வளவு யோசித்தீர்" என்றார் ராஜா மெல்ல. "என் பெண்ணுக்கு?"

"பயம், அரசே. ஈரத்துணி."

அந்த நேரம் பார்த்து மந்திரிக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ராஜா அந்த இருமல் தீரும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "இன்றைக்கே பல்லக்கை வரச்சொல்" என்றார்.

"ஆள் போய், பல்லக்கு ஊர்ந்து வருவதற்குள் நடுவழியில் மழை பிடித்துவிடும், அரசே. குதிரை என்றால் முன்னாலேயே கடந்துவிடும்" என்றார் அறவாழி.

"நிறைமாதப் பெண்ணைக் குதிரையிலா?"

"அவள் வரவேண்டாம். நீங்கள் போங்கள்."

"சம்பந்தி வீட்டுக்குப் பிரசவம் பார்க்க அப்பன் போவானா? எந்த ஊர் வழக்கமய்யா இது?"

"ராணியம்மா இருந்திருந்தால் போயிருப்பார். தாய்வீடு என்பது இந்தக் கோட்டைச் சுவரா, அரசே?"

ராஜா எழுந்து, சேந்தனார் தோளிலிருந்த சால்வையை உருவிப் பசுவின் முதுகில் போர்த்தினார். "உம் வாய் பொய் சொன்னது. இவள் சொல்லவில்லை. இனி ஐப்பசி முதல் நாள் இவள் பருவம் சொல்லட்டும், நீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நில்லும். மாடுகளை இறக்கச் சொல்லிப் பறை அறையுங்கள்!" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "லேகியத்துக்குச் சுக்கோடு வேறென்ன சேர்க்கவேண்டும்? யாருக்காவது தெரியுமா?"

மருத்துவச்சியோடும் லேகியப் பானையோடும் ராஜா கணவாயைத் தாண்டிய பின்தான் மழை கொட்டியது. பாதை மூடிக்கொண்டது. கூதிர்காலம் முழுக்க நாட்டை மந்திரி பார்த்துக்கொண்டார். செவலை கன்று போட்டது.

தை வெயிலில் பாதை காய்ந்ததும் பல்லக்கு வந்தது. பக்கத்தில் ராஜா நடந்துவந்தார். தோளில் பேத்தி, விரல்களில் வசம்புக் கரி. யாரிடமும் பேசாமல் நேரே அறவாழியிடம் வந்து, தன் கம்பளியை எடுத்து ஒரு கையால் அவருக்குப் போர்த்திவிட்டார்.

"இருமல் எப்படி இருக்கிறது?"

இத்தனை வருஷத்தில் ராஜா அதைக் கேட்டதில்லை. "தேவலை, அரசே" என்று சொல்ல மந்திரி வாயெடுத்தார், இருமல்தான் வந்தது.

"உஷ்! இப்போதுதானய்யா தூங்கவைத்தேன்" என்றார் ராஜா.