முன்வரிசை நாற்காலி

திருச்சியில் தனியார் பள்ளிகள் மாநாடு. மாணவர் சுற்றுலா ஸ்டாலில் அமலி இரண்டு நாளாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளியாவது சிக்காவிட்டால் கம்பெனியையே மூட வேண்டியதுதான். அப்போது வந்தார் ஒரு பெரிய பள்ளியின் தாளாளர் குலசேகரன்.

"நீயெல்லாம் பிள்ளைகளை எப்படிம்மா மேய்ப்பே? காபியை விட்டு நகராத இந்தத் தாளாளர்களை முதல்ல மண்டபத்துக்குள்ள கொண்டுபோய்க் காட்டு. எங்க டூர் உனக்குத்தான்!"

அமைப்பாளர்களே கெஞ்சி ஓய்ந்த கூட்டம் அது. அமலி மைக்கைப் பிடித்தாள்.

"மண்டபத்துக்குள்ள குரூப் போட்டோ எடுக்கப்போறோம். முன்வரிசையில நாற்காலி கொஞ்சம்தான் இருக்கு!"

மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் நட்டநடு நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார் குலசேகரன்.

"பிள்ளைகள்கிட்ட பஸ்ல ஜன்னல் சீட்டு கொஞ்சம்தான் இருக்குன்னு சொல்லுவோம் ஐயா," என்றாள் அமலி. "அவங்ககூட இவ்வளவு வேகமா ஓடிவந்ததில்லை."

கூட்டமே சிரித்தது. வேறு வழியின்றி அவரும் சிரித்து, டூருக்குத் தேதி கேட்டார். அப்பாடா என்று அமலி அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.